ஒன்றேகால் அடி: ஒரு வீட்டுக் கட்டிட அனுமதி, நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கணவனும் மனைவியுமாக இரண்டு பேர், வீட்டுப் படம் போட்டு அனுமதி வாங்கித் தரும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்களை அண்ணன், அக்கா என்றே சொல்கிறேன். அண்ணன் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா, தங்கள் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ரவிக்கை, சுடிதார் தைத்துக் கொடுப்பவர். மேசையில் அவர்கள் வைத்த முதல் காகிதம் லேமினேட் செய்த கட்டிட அனுமதி. மூலையில் க்யூஆர் கோடு, கீழே வரைபடம், எல்லாம் முறையாக இருந்தது. இரண்டாவது காகிதம் வேலையை நிறுத்தச் சொல்லி மாநகராட்சியிலிருந்து வந்த அறிவிப்பு. இரண்டுக்கும் இடையே ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அனுமதி கொடுத்ததும் அவங்கதான், நிறுத்தச் சொல்றதும் அவங்கதான். நாங்க என்ன தப்புப் பண்ணினோம் தம்பி?" என்றார் அக்கா. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க நான்கு மாதம் ஆனது. வீடு கட்டப்போகும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால், அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஊரையும் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

மனை பிறந்த கதை

தென்மாவட்ட நகரம் ஒன்றின் விளிம்பில், தொண்ணூறுகளில் வயலைப் பிளாட் போட்டு விற்ற இடம். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு. அந்தக் காலத்தில் அப்படித்தான் நிறைய விற்றார்கள். ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போட்டு எண் எழுதி, மூலைக்கு ஒரு கல் நட்டுவிட்டால் மனைப்பிரிவு ஆகிவிடும். இவர்கள் 2009-ல் ஏழாம் எண் மனையை வாங்கினார்கள். பத்திரத்தில் இப்படி இருக்கிறது: கிழமேல் இருபுறமும் 30 அடி, தென்வடல் இருபுறமும் 40 அடி, ஆக 1,200 சதுர அடி. அரை கிரவுண்டு. வடக்கே 20 அடி அகலப் பொதுத் தெரு.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இப்படிப்பட்ட மனை வைத்திருந்த எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. அப்புறம் 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரப்பதிவு ஆகியிருந்த மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தினார்கள். இவர்களும் 2018-ல் பணம் கட்டி வரன்முறை உத்தரவு வாங்கிவிட்டார்கள். அந்த உத்தரவு பத்திரத்தில் இருந்த 1,200 சதுர அடியை அப்படியே எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் கழித்து நகர நில அளவைப் பதிவேட்டின்படி பட்டாவும் இருவர் பெயருக்கும் வந்தது.

ஆக, பத்திரம், வில்லங்கச் சான்று, வரன்முறை உத்தரவு, பட்டா, காலிமனை வரி ரசீது எல்லாமே கையில் இருந்தன. இவ்வளவு சுத்தமாகக் கோப்பு வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே எண் எழுதியிருந்தார் அண்ணன். இருபத்தெட்டு வருடம் டிக்கெட் கணக்கு ஒப்படைத்த கை அது.

ஒரு நாளில் வந்த அனுமதி

2024 ஜூலை 22-ல் தமிழ்நாடு அரசு சுயசான்று அடிப்படையில் கட்டிட அனுமதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட குடியிருப்பு கட்ட, உரிமையாளரே "விதிப்படி கட்டுகிறேன்" என்று உறுதி கூறி இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். தொடங்கியபோது இருந்த விதிப்படி, உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. விண்ணப்பத்தைச் சரிபார்ப்பதற்கான கூர்ந்தாய்வுக் கட்டணமும் உட்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. கட்டி முடித்தபின் வாங்கும் முடிவுச் சான்றும் வாங்க வேண்டியதில்லை. உள்ளாட்சிக்கு உரிய தொகையைக் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும்.

நல்ல திட்டம். இதை மனதாரச் சொல்கிறேன். ஒரு சாதாரண வீட்டுக்கு மூன்று மாதம் நாலு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அலைந்து முடிப்பதற்குள் ஜல்லி, கம்பி விலை ஏறி, கடனை உயர்த்தச் சொல்லி மறுபடி வங்கிப் படியேறியவர்களையும் தெரியும். அந்த அலைச்சலை எடுத்துவிட்டது பெரிய காரியம்.

டிவியில் செய்தி பார்த்த மறுவாரமே இவர்கள் ஒரு கணினி மையத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கேயே படம் வரைந்து தருபவர் ஒருவர் இருந்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்து 30-க்கு 40 என்று கட்டம் போட்டார். முன்பக்கம் 5 அடி, பின்னால் மூன்றரை அடி, இரண்டு பக்கமும் மூன்றரை மூன்றரை அடி விட்டு, 23-க்கு 31½ அடியில் வீட்டை உட்கார வைத்தார். தெருவின் அகலம் 9 மீட்டருக்குள் இருந்தால் முன்னால் ஒன்றரை மீட்டர் விட வேண்டும், 5 அடி அதற்குச் சரியாக வரும். பக்க இடைவெளி கட்டிடத்தின் உயரத்தையும் மனையின் அகலத்தையும் பொறுத்தது. அதுவும் படத்தில் சரியாகத்தான் இருந்தது. தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, 2 வரை போகலாம். 1,200 அடிக்கு 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்றிருக்க, இவர்கள் இரண்டு தளமும் சேர்த்து 1,450 அடிதான் கேட்டிருந்தார்கள்.

படத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் மனையைப் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பதிவேற்றி, பணம் கட்டி, அன்றைக்கே அனுமதி கைக்கு வந்தது. வங்கியிலும் வீட்டுக் கடன் ஒப்புதல் ஆனது. ஆவணி 6 வாஸ்து நாள், அன்று காலை பூஜை போட்டு மனைமுகூர்த்தம் முடித்தார்கள்.

கயிறு கட்டிய அன்று

மேஸ்திரி கயிறு கட்டுவதற்கு மேற்குப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து டேப்பைப் பிடித்திருக்கிறார். கிழக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் வந்தது 28 அடி 9 அங்குலம். மறுபடி பிடித்தார், அதே அளவுதான். தென்பக்கத்திலும் அதேதான். முப்பது அடியில் ஒன்றேகால் அடியைக் காணோம்.

அந்த இடத்தில் வேலை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மேஸ்திரி அனுபவசாலிதான், ஆனால் அவருக்கு வீட்டின் அளவுதான் முக்கியம். "உள்ளே ரூம் அளவைக் குறைக்க வேண்டாம்ணே, கிழக்குச் சந்துல கொஞ்சம் கம்மியா விட்டுக்கலாம். யாரு வந்து அளக்கப் போறா? சுயசான்றுதானே" என்று சொல்லியிருக்கிறார். கிழக்கே மூன்றரை அடி இருக்க வேண்டிய சந்து இரண்டேகால் அடியாகச் சுருங்கியது. பன்னிரண்டு பில்லருக்குக் குழி வெட்டினார்கள். ஐந்தடி ஆழம்.

கிழக்குப் பக்கத்து வீடு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருடையது. பில்லர் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் நிற்கும் பழைய வீடு. தன் சுவரோரமாக ஐந்தடிக் குழி வெட்டுவதைப் பார்த்து அவர் பயந்துபோனார். அந்தப் பயம் நியாயமானது. குழி வெட்டிய இரண்டாம் நாள் மழை பெய்து மண் சரிந்தது. அவர் முதலில் மேஸ்திரியிடம் சொன்னார், அப்புறம் இவர்களிடம் சொன்னார், மூன்றாவதாக மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்தார். அலுவலர் வந்து டேப் பிடித்தார். அனுமதி வரைபடத்தில் மனையின் அகலம் 30 அடி, களத்தில் 28¾. வரைபடத்தில் கிழக்கு இடைவெளி மூன்றரை, களத்தில் இரண்டேகால். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் கீழ் வேலையை நிறுத்தும் அறிவிப்பு வந்தது.

தெருவில் இதற்குப் பல கதை உலவியது. வாத்தியார் பொறாமையில் செய்துவிட்டார், மேற்குப் பக்கத்துக்காரர் இடத்தை அமுக்கிவிட்டார், அலுவலர் எதையோ எதிர்பார்க்கிறார். அண்ணனும் அக்காவும் என்னிடம் வந்தபோது இந்த மூன்றையும் நம்பித்தான் வந்தார்கள். வழக்குப் போட வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

கோப்புக்குள்ளேயே இருந்த பதில்

வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பட்டாவை எடுத்தேன். என் பழக்கம் அது. நகர நில அளவைப் பதிவேட்டில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். இவர்கள் பட்டாவில் 107 என்று இருந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி. மின்கட்டண அட்டையின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தேன்: சுமார் 1,152 சதுர அடி. மேஸ்திரி அளந்த 28¾-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,150. பத்திரப்படி 1,200 அடி இருந்திருந்தால் பட்டாவில் 111½ சதுர மீட்டர் வந்திருக்க வேண்டும்.

அண்ணன் அந்தக் காகிதத்தை வாங்கி ஒருமுறை தானே பெருக்கிப் பார்த்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருடமாக அவர் உறைபோட்டு வைத்திருந்த காகிதம் அது. பத்திரம் அடியில் பேசுகிறது, பட்டா மீட்டரில் பேசுகிறது. இரண்டும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் யாரும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இணையத்தில் ஏற்றியபோதும் இரண்டும் சேர்ந்தேதான் போயின.

இதில் அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சுயசான்று என்ற சொல்லின் கனம் இங்கேதான் இருக்கிறது. முன்பு கோப்பு ஒரு மேசைக்குப் போகும். அங்கே இருப்பவர் பத்திரத்தையும் பட்டாவையும் ஒப்பிடுவார், களத்துக்கு வருவார், தகராறு இருந்தால் குறை எழுதித் திருப்பி அனுப்புவார். நாம் அதைத் தாமதம் என்று திட்டினோம். அதில் தாமதமும் இருந்தது, சரிபார்ப்பும் இருந்தது. இப்போது மேசை போய்விட்டது. ஆனால் அந்த மேசையின் வேலை எங்கேயும் போகவில்லை, உரிமையாளர் கைக்கு வந்திருக்கிறது. "நான் கொடுத்த விவரங்கள் உண்மை" என்று கையெழுத்துப் போடுகிறோம். தவறானால் அனுமதி ரத்தாகும் என்பதும் அதே உறுதிமொழியில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் ஒரு அளவு, பட்டா ஒரு அளவு, களம் ஒரு அளவு சொன்னால், மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் படம் போட வேண்டும். திட்ட அனுமதி கொடுப்பவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். இந்த ஒரு வழக்கத்தைப் பின்பற்றியிருந்தால் அந்தப் பன்னிரண்டு குழியும் சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

ஒன்றேகால் அடி எங்கே போனது?

நில அளவைக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினோம். சர்வேயர் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் ஐப்பசி மழை. குழியெல்லாம் தண்ணீர். வாங்கி அடுக்கியிருந்த கம்பியின் மேல் தார்ப்பாய் போட்டும் செந்துரு ஏறியது. வாத்தியார் சுவருக்கு அணைவாக நான் முதல் வாரமே மணல் மூட்டை அடுக்கி, கிழக்கு வரிசைக் குழிகள் நான்கையும் மூடச் சொல்லிவிட்டேன். வழக்கு யார் பக்கம் போனாலும் அந்தச் சுவர் விழக் கூடாது.

சர்வேயர் வந்த காலையை மறக்க முடியாது. ஏழாம் மனையை மட்டும் அளந்துவிட்டுப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேற்குக் கோடியில் இருந்த தென்வடல் சாலையில் போய் நின்றார். அங்கிருந்து வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து மனையையும் சுவருக்குச் சுவர் பிடித்துக்கொண்டே வந்தார். ஒன்றாம் எண்ணுக்கு முப்பது. இரண்டாம் எண்ணுக்கு முப்பது. ஆறு வரைக்கும் எல்லாம் முப்பது, முன்பின் ஓரிரு அங்குலம். எட்டு, ஒன்பது, பத்தும் முப்பது. ஏழு மட்டும் 28¾.

அப்புறம் மேற்குக் கோடிக்குத் திரும்பிப் போய், சாலை ஓரத்தில் புல்லுக்குள் புதைந்திருந்த ஒரு கல்லைக் கம்பியால் தட்டிக் காட்டினார். மனைப்பிரிவின் மேற்கு எல்லை அதுதான். ஒன்றாம் மனைக்காரரின் சுவர் அந்தக் கல்லிலிருந்து ஒன்றேகால் அடி உள்ளே தள்ளி நின்றது. முதன்முதலில் வீடு கட்டியவர் அவர். அப்போது அங்கே வாய்க்கால் ஓடியிருக்கிறது. நல்ல மனதோடு கரையை விட்டுத் தள்ளிச் சுவர் எழுப்பியிருக்கிறார், ஆனால் அங்கிருந்து முழு முப்பது அடியை அளந்துகொண்டார். அடுத்தவர் அவர் சுவரிலிருந்து முப்பது, அதற்கடுத்தவர் அந்தச் சுவரிலிருந்து முப்பது. இப்படி ஆறு வீடும் ஒன்றேகால் அடி கிழக்கே நகர்ந்து உட்கார்ந்துவிட்டன. கிழக்குக் கோடியில் கட்டியவர்கள் கிழக்கு எல்லைக் கல்லிலிருந்து சரியாக அளந்து மேற்கே வந்தார்கள். இரண்டு வரிசையும் சந்தித்த இடம் ஏழாம் மனை. வெகுகாலம் காலியாகக் கிடந்த மனை அது ஒன்றுதான். தெரு முழுவதும் செய்த பிழை அதன் தலையில் வந்து விழுந்தது.

நகர நில அளவை நடந்தபோது இந்தச் சுவர்கள் எல்லாம் எழும்பியிருந்தன. அளந்தவர்கள் இருக்கிற சுவரை வைத்து அளந்தார்கள். அதனால் பட்டா உண்மையைச் சொன்னது, பத்திரம் 2009-ல் வெள்ளைத்தாள் கட்டத்தைச் சொன்னது.

எனக்கு இந்த வழக்கில் மிகவும் மனதில் நின்றது இதுதான். இடத்தை யாரும் திருடவில்லை. வாத்தியார் வீடு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. மேற்குப் பக்கத்துக்காரரும் தன் பக்கத்துச் சுவரை நம்பித்தான் கட்டினார். காணாமல் போன ஒன்றேகால் அடி மேற்குக் கோடியில் சாலை ஓரத்துப் புல்லாகக் கிடந்தது. சர்வேயர் அந்தக் கல்லைத் தட்டியபோது வாத்தியாரும் அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரை மாதக்கணக்கில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காதவர்கள். "இதுக்கா சார் இத்தனை நாள்?" என்றார் வாத்தியார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன செய்யலாம் என்ற கேள்வி

வழி மூன்று இருந்தது.

மேற்குப் பக்கத்துக்காரர்மேல் உரிமையியல் வழக்குப் போடலாம். ஜெயித்தாலும் அவர் அவருக்கு மேற்கே இருப்பவரைக் கேட்பார், அவர் அடுத்தவரைக் கேட்பார், ஆறு வீட்டுச் சுவரையும் இடிக்காமல் அது முடியாது. பல வருடம் அனுபவத்தில் இருக்கும் சுவர்கள் வேறு. வக்கீலே இதைக் கேட்டபின் வேண்டாம் என்றுவிட்டார்.

பத்திரத்தைப் பிழைதிருத்தல் செய்து 1,150 அடி என்று மாற்றலாம். அதற்கு எழுதிக் கொடுத்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். இவர்களுக்கு மனையை எழுதிக் கொடுத்தது உரிமையாளரின் பவர் ஏஜென்ட். உரிமையாளர் இறந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. பவர் கொடுத்த உரிமையாளர் இறந்தால் பவரும் அத்தோடு முடிந்தது. வாரிசுகள் மூன்று பேர் மூன்று ஊரில். இது நடக்க வேண்டிய காரியம்தான். நாளைக்கு விற்கும்போதோ, பிள்ளைக்கு எழுதும்போதோ கேள்வி வரும். ஆனால் வீட்டை அதுவரை நிறுத்தி வைக்க முடியாது, கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தோம். களத்தில் இருப்பது 28¾, பட்டாவும் அதைத்தான் சொல்கிறது, அதை வைத்துப் புதிதாகப் படம் போட்டு, பழைய அனுமதியை ரத்து செய்யக் கோரி எழுதிக் கொடுத்துவிட்டு, புது அனுமதி வாங்குவது.

மறுபடியும் சுயசான்றா, வழக்கமான வழியா என்று அண்ணன் கேட்டார். சுயசான்றில் போட்டிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும், கட்டணமும் மிச்சம். நான் வழக்கமான வழியில் போகச் சொன்னேன். ஏற்கெனவே நிறுத்த அறிவிப்பு ஒன்று கோப்பில் இருக்கிறது. அளவு தகராறு நடந்த மனை. இந்த நிலைமையில் ஒரு அலுவலர் களத்துக்கு வந்து, டேப் பிடித்து, சர்வேயர் அறிக்கையைப் படித்து, "சரி" என்று எழுதி வைப்பது இவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. நாளைக்கு வங்கி கேட்டாலும் வாங்குபவர் கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் வேண்டும். தமிழ்நாட்டில் 10,000 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு உள்ளாட்சியே அனுமதி கொடுக்கலாம், நகர் ஊரமைப்பு இயக்ககம் வரைக்கும் போக வேண்டியதில்லை. அதனால் அவ்வளவு அலைச்சலும் இல்லை.

கூர்ந்தாய்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், உரிமக் கட்டணம் எல்லாம் கட்டினார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு மதிப்பீட்டில் ஒரு சதவீதம். அப்போது பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொந்த வீட்டுக்கு அது கிடையாது, இவர்கள் வீடு அந்த எல்லையைத் தாண்டியது. மழைநீர் சேகரிப்புத் தொட்டியைப் படத்தில் காட்டினோம். 2003-லிருந்து அது இல்லாமல் தமிழ்நாட்டில் கட்டிட அனுமதி கிடையாது.

ஒன்றேகால் அடியை எங்கே குறைப்பது?

அனுமதி வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகச் சொல்லிக்கொள்கிறேன். 23 அடி அகல வீடு 21 அடி 9 அங்குலமாக வேண்டும். முன்பக்கத்தில் அக்காவின் தையல் அறை 9 அடி 3 அங்குலம், ஹால் பதினொன்றரை அடி, நடுவிலும் இரண்டு ஓரத்திலுமாக மூன்று ஒன்பது அங்குலச் சுவர். முதலில் நான் தையல் அறையைக் குறைத்துத்தான் ஒரு படம் போட்டுக் காட்டினேன். எட்டு அடி போதும் என்று நினைத்துவிட்டேன்.

அக்கா படத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்து என் மேசையை அளந்தார். அவர் துணி வெட்டும் மேசை ஆறுக்கு நாலு. சுவரோரம் இரண்டு மெஷின், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம், அதற்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார இரண்டு அடி. மேசையைச் சுற்றி வந்து வெட்ட ஒரு பக்கமாவது ஒன்றரை அடி நடக்க இடம். விரல்விட்டுக் கூட்டி, "ஒன்பது அடிக்குக் கீழ போனா நான் சுத்தி வர முடியாது தம்பி. ஹால்ல எடுத்துக்கோங்க" என்றார். பதினைந்து வருடம் ஒரு படுக்கையறை மூலையில் துணி வெட்டியவர். இந்த அறைக்காகத்தான் இந்த வீடே.

வீடு பில்லரில் நிற்பது என்பதால் நடுச்சுவர் எடையைத் தாங்க வேண்டியதில்லை. அதை ஒன்பது அங்குலத்திலிருந்து நாலரையாக்கினேன். நாலரை அங்குலம் திரும்பக் கிடைத்தது. தையல் அறை 9 அடி 3 அங்குலமாகவே நின்றது, ஹால் 10 அடி ஏழரை அங்குலமாக வந்தது. ஹாலில் ஊஞ்சல் போட வேண்டும் என்று அண்ணன் கேட்டிருந்தார். அதை மாடியில் வராந்தாவுக்கு மாற்றினோம். இரண்டு பக்கச் சந்தும் முழு மூன்றரை அடியாக நின்றது. ஒரு தளம் 685 சதுர அடி சொச்சம், இரண்டும் சேர்ந்து 1,370.

கிழக்கு வரிசைப் பில்லர்கள் வாத்தியார் சுவரிலிருந்து தள்ளி வந்ததால் அந்தப் பக்கக் குழியைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. இந்த முறை ஒரு குழி வெட்டி, கான்கிரீட் போட்டு மூடிய பிறகுதான் அடுத்த குழி. வாத்தியார் தினமும் காலையில் வந்து நின்று பார்ப்பார். அவருக்காகவே தெரியும்படி ஒவ்வொரு குழியின் தூரத்தையும் சுண்ணாம்பால் சுவரில் எழுதி வைக்கச் சொன்னேன்.

செலவும் நாளும்

புது விண்ணப்பம் டிசம்பர் முதல் வாரத்தில் போனது. அலுவலர் களத்துக்கு வந்தார், அளந்தார், ஒரு குறையும் எழுதவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கலுக்கு முந்தைய வேலை நாளில் அனுமதி வந்தது. தை 12 வாஸ்து நாளில் மறுபடி வேலை தொடங்கினார்கள். முதல் பூஜைக்கும் இதற்கும் ஐந்து மாதம்.

இழப்பு என்று பார்த்தால், முதலில் கட்டிய அனுமதித் தொகை, வெட்டி மூடிய குழிக்கான கூலி, துருவைத் தேய்த்து எடுத்த கூலி, ஐந்து மாத வாடகை, கடன் வட்டி. அண்ணன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மேஸ்திரி தன் பங்குக்குக் குழி வெட்டிய கூலியைக் கணக்கில் கழித்துக்கொண்டார். யாரும் சொல்லாமல் அவரே செய்தது. இப்போதும் அவர்தான் கட்டுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறிய குடியிருப்புகளுக்கு முடிவுச் சான்று தேவையில்லை என்றானபின், கட்டி முடித்ததும் மின்இணைப்பு வாங்கிக் குடிபோய்விடலாம், ஆரம்பத்திலும் யாரும் வருவதில்லை, கடைசியிலும் வருவதில்லை. அதனால் "யார் வந்து அளக்கப் போறா" என்ற பேச்சு எல்லா மேஸ்திரி வாயிலும் வந்துவிட்டது. அளக்க வருபவர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அளப்பார். கடன் தவணையை விடுவிக்கும் முன் வங்கிப் பொறியாளர் அளப்பார். பத்து வருடம் கழித்து வாங்க வருபவரின் வக்கீல் அளப்பார். அப்போது பக்கச் சந்தின் அகலத்தைக் கூட்ட முடியாது.

இப்போது என்னிடம் சுயசான்றுக்கு வருபவர்கள் யாராக இருந்தாலும், படம் வரைவதற்கு முன் மனைக்குப் போய் நாலு பக்கமும் டேப் பிடிக்கிறேன், மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்கிறேன். பட்டாவின் சதுர மீட்டரை அவர்களையே பெருக்கச் சொல்கிறேன். நான் பெருக்கிச் சொன்னால் மனதில் நிற்பதில்லை, அவர்களே பெருக்கினால் நிற்கிறது. அரை நாள் வேலை. அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

போன மாதம் ஏழாம் மனை வீட்டுக்கு முதல் தளக் கான்கிரீட் போட்டார்கள். வாத்தியார் வீட்டுக் குழாயிலிருந்துதான் தண்ணீர் வந்தது. பத்திரத் திருத்தத்துக்கு வாரிசுகளில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், மூன்றாமவர் சித்திரையில் ஊருக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கான்கிரீட் போட்ட அன்று அந்தத் தெருவின் மூன்றாம் எண்காரர் மாடி எடுக்க வேண்டும் என்று கோப்போடு என்னைப் பார்க்க வந்தார். அவர் வீடும் ஒன்றேகால் அடி நகர்ந்து உட்கார்ந்த வீடுதான். பரப்பு குறையவில்லை, ஆனால் பத்திரம் சொல்லும் எல்லை வேறு, சுவர் நிற்கும் இடம் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டேப்போடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.